ஆணியில் தொங்கிய ஆபீஸ்

3-7-2012, செவ்வாய்

விடியும் முன்பே மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. வெட்டுக்காரன் செல்லப்பன் வந்து வானத்தைப் பார்த்தான், ஒரு கட்டன்சாயா குடித்தான், போனான். சாயாவுக்கு மட்டும் மழை தடையில்லை.

முட்டியில் தைலம். புளி தீர்ந்துவிட்டது.

பேத்தி பெனிட்டாவைப் போன வாரம் ஏழாம் மாசத்துக்கு அழைத்து வந்தது. அவள் அம்மை, என் மகள், குவைத்தில் நர்ஸ். லீவு கிடையாதாம். ஆகவே பேறு என் வீட்டில். அழைக்கப் போன அன்று களியக்காவிளையில் அவள் மாமியார் பலகாரப் பெட்டியைத் திறந்து பார்த்து, “முந்திரிக்கொத்து மட்டுந்தானா?” என்றாள். அதிரசம் அடியில் இருந்தது. கையை விட்டுப் பார்த்தால் தேய்ந்தா போவாள். மட்டுந்தானா. இந்தச் சொல்லை என் சவப்பெட்டிக்குள் கொண்டுபோவேன்.

பிள்ளை ஓய்வெடுக்க வந்தது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆபீஸையும் கூடவே தூக்கி வந்திருக்கிறாள்.

வீட்டுக்குள் எங்கும் போன் எடுக்காது. பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டில், ரோலருக்கு மேலே, கத்தி தொங்கவிடும் ஆணி. அங்கே மட்டும் சிக்னல். போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆணியில் மாட்டி, அதிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு. நெட் வருவது அதில்தான். பேச வேண்டுமென்றால் ஸ்பீக்கர். கையில் எடுத்தால் அறுந்துபோகும். ஆகவே ஆபீஸ் பேசுவதை எல்லாம் நான், செல்லப்பன், கோழிகள் எல்லாரும் கேட்கிறோம். ஆபீஸுக்குத்தான் இது தெரியாது.

“என்ன வேலட்டி அது, வயித்தத் தள்ளிக்கிட்டு?” என்று கேட்டேன்.

சொன்னாள். வளைகுடா ஆஸ்பத்திரிகளில் ரசீது போடும் புரோகிராம். பலபேர் பல துண்டாய் எழுதியது. எல்லாத் துண்டையும் திரட்டி, சரிபார்த்து, ஒன்றாய்க் கட்டி அனுப்ப வேண்டும். அதற்குப் பேர் பில்டு. இப்போது கட்டும் முறை பழையது, பேர் ஆன்ட். அதை மேவன் என்ற புது முறைக்கு மாற்றுகிறாள். பழையதில், வெளியார் செய்த சாமான்களைக் கையால் ஒரு போல்டரில் போட்டு வைப்பார்களாம். புதியதில் பேரும் நம்பரும் எழுதினால் போதும். அதுவே நெட்டில் போய் எடுத்து வருமாம்.

“மாத்தினா என்ன மாறும்?”

“வெளிய ஒண்ணும் மாறாது அம்மாச்சி. ஒண்ணும் மாறலேன்னாத்தான் நான் ஒழுங்கா செய்திருக்கேன்னு அர்த்தம்.”

“பின்ன எதுக்கு மாத்தணும்?”

“பழசு எங்க ரெஜி சாருக்கு மட்டுந்தான் தெரியும். அவரு ஒருநாள் வரலேன்னா ஆபீஸே வாயப் பாத்துக்கிட்டு நிக்கும்.”

செய்தால் ஒருவனுக்கும் தெரியாது, செய்யாவிட்டால் ஊருக்கே தெரியும். நான் அடுக்களையில் இத்தனை வருஷம் செய்ததும் இதைத்தான். அதற்குச் சம்பளம் உண்டு என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

5-7-2012, வியாழன்

மழை விட்டு விட்டு. கரண்ட் காலையில் போனது, மத்தியானம் வந்தது, குழம்பு கொதிக்கும் முன்பு திரும்பப் போனது.

ரெஜியின் குரல் இன்று கேட்டேன். பாறசாலைக்காரன். நம் தமிழும் வரும், மலையாளமும் வரும், நடுநடுவே இங்கிலீஷ். தேன் தடவிய குரல். தேன் தடவியவர்களை எனக்குத் தெரியும். என் கொழுந்தன் ரோட்டோரத்து ஏழு சென்ட் நிலத்தை எழுதி வாங்கியது இப்படி ஒரு குரலில்தான்.

“பெனிட்டா, லீவுக்கு முன்னாடி மைக்ரேஷன் முடிச்சுக் கொடு. திரும்பி வரும்போ லீடு சீட்டு ஒனக்கு. நான் மேடத்துட்ட சொல்லிட்டேன்.”

மைக்ரேஷன் என்றால் இந்த மாற்றும் வேலை. மேடம் ரெஜிக்கும் மேலே. லீடு என்றால் ஆறு பேருக்கு மேலே. இவள் நாலு வருஷமாய்க் காத்திருக்கிறாள். போன தடவை பிரதீஷ் என்கிற பையனுக்கும் இவளுக்கும் இடையே போட்டி இருந்ததாம். பிறகு ஒருவருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்களாம். பிள்ளை பெற்று வந்தவர்களை அங்கே ஓரமாய் ஒதுக்கிவிடுவார்கள், அதற்கு முன்பு கையில் ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

அவள் சொல்வது புரிந்தது. கோபம் போகவில்லை. சீட்டு கொடுக்கிறவன் கொடுத்துவிட்டு வேலை வாங்கட்டும்.

வாங்க வேண்டியது: புளி, உளுந்து, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று (பழையதில் அவள் உட்கார்ந்தால் கால் விரிகிறது).

இனி அவனை ரெ. என்று எழுதுவேன். முழுப் பேருக்கு மை வீண்.

8-7-2012, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். பிரசங்கம் நீளம். பெனிட்டா (இனி பெ.) நடுவில் எழுந்து வெளியே போனாள். ரெ. மெசேஜ். ஓய்வுநாள் அவனுக்குக் கிடையாது போலும்.

திரும்பும்போது போதகர் மனைவி பெ. வயிற்றைத் தொட்டு, “ஆம்பிளப் பிள்ளதான், வேலை வேலைன்னு கிடக்குது பாருங்க” என்றாள். பொம்பிளைப் பிள்ளை என்றால் வேலை செய்யாதாக்கும். 1998 கிறிஸ்துமஸ் விருந்தில் எனக்கு மட்டும் எலும்பு வைத்தவள் இவள். வேறு என்ன எதிர்பார்க்க.

மத்தியானம் முழுக்க ஷெட். மேவன் சாமான் எடுக்க நெட்டுக்குப் போகிறது, பாதி வழியில் சிக்னல் அறுகிறது, முதலிலிருந்து போகிறது. திரையில் எழுத்து ஓடுகிறது, நிற்கிறது. பெ. முதுகைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“தின்னியா மக்கா?”

“ஒரு நிமிஷம் அம்மாச்சி.”

அந்த ஒரு நிமிஷத்தில் நான் மீன் கழுவி, அரைத்து, கூட்டி, இறக்கியாயிற்று. சோறும் ஆறிவிட்டது. தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு வந்தேன். ரோலரில் முட்டுக்கொடுத்துச் சாப்பிட்டாள்.

11-7-2012, புதன்

வெயில்! செல்லப்பன் வெட்டினான். பால் நல்ல கெட்டி.

முடிந்தது. பில்டு முழுசாய்க் கட்டியாயிற்று. “அம்மாச்சீ” என்று ஒரு சத்தம். பேறு வந்துவிட்டதென்று சட்டுவத்தோடு ஓடினேன். பார்த்தால் திரையைக் காட்டிச் சிரிக்கிறாள். கடைசி வரியில் ஜெயித்தது என்று எழுதியிருக்கிறதாம்.

“நல்ல விசயந்தானே? கொள்ளாம்” என்றான் செல்லப்பன். அவனுக்கு என்ன தெரியும், ஆனால் சந்தோஷப்பட்டான். அதனால் இன்று அவன் சாயாவில் சீனி.

மரச்சீனிக்கிழங்கு அவித்து, சாளை வறுத்தேன். பெ. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ரெ. ஒரு வரி அனுப்பினான். குட். இத்தனைக்கும் ஒரு வரி. அவனுக்கும் மை வீணாகிவிடும் போல.

16-7-2012, திங்கள்

கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது. மெதுவாய் எழுதுகிறேன்.

காலையில் ஆணியில் போன் கூப்பிட்டது. ஏழெட்டு பேர் சேர்ந்து பேசும் கூட்டம். பெ. புது முறையில் கட்டி அனுப்பியதைப் பரிசோதனைக்கு ஓட்டிப் பார்த்தார்களாம். ரசீதில் அரபி எழுத்தெல்லாம் பின்முன்னாய் வருகிறது. நோயாளி பேர் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. பழைய முறையில் கட்டினால் ஒழுங்காய் வருகிறது.

“பெனிட்டா, ஒண்ணும் மாறாதுன்னு சொல்லித்தானே கொடுத்த?” என்றான் ரெ. எல்லார் முன்னாலும். தேன் இல்லை.

“பாக்கேன் சார்.”

“பாத்தா போதாது. வியாழக்கிழமை மேடம் கேப்பாங்க.”

பிரதீஷ் சிரித்தான். சின்னச் சிரிப்பு, மூக்கால். போனில் கேட்டாலும் சிரிப்பு சிரிப்புதான். குறித்துக்கொண்டேன்.

பெ. கால் வீங்கியிருக்கிறது. வெந்நீர் வைத்தேன். வேண்டாம் என்றாள். அப்படியே வைத்துவிட்டுப் போனேன். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் காலைப் போட்டிருந்தாள்.

17-7-2012, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டாள்.

அரபி அச்சடிக்கும் ஒரு சாமான், வெளியார் செய்தது. பழைய போல்டரில் கிடந்ததும், புது முறை நெட்டிலிருந்து எடுத்து வந்ததும் பேர் ஒன்று, நம்பர் ஒன்று. ஆனால் அளவு வேறு. ஏனென்றால் பழையதை யாரோ உள்ளே கைவைத்துத் திருத்தி, பேரையும் மாற்றாமல், ஒருவரிடமும் சொல்லாமல் அதே இடத்தில் போட்டுவிட்டார்கள். நெட்டில் இருப்பது திருத்தாதது. மேவன் பாவம், எழுதிக் கொடுத்ததைத்தான் எடுத்து வந்தது.

“ஆரு அந்த மகராசன்?” என்றேன்.

“தெரியல்ல. சாருட்ட கேக்கணும்.”

கேட்கவே வேண்டாம். மத்தியானம் ரெ. தானே கூப்பிட்டான். நான் பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன், செல்லப்பன் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். ரோலரை நிறுத்தினான். ரெ. பேச்சு இதுதான், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை:

“பெனிட்டா, பக்கத்துல ஆருமில்லல்லா? அது நான்தான். அன்னைக்கு கஸ்டமர் கழுத்துல கத்தி வச்சான், அவசரத்துல மாத்திப் போட்டேன். ஆருட்டயும் சொல்லேல்ல. மெயில்ல எனக்க பேரு வேண்டாம். பழைய போல்டர்ல ஒரு மாத்தம் இருந்துது, மைக்ரேஷன்ல எனக்க கவனத்துல விட்டுப்போச்சுன்னு நீ எழுது. லீடு விசயம் நான் பாத்துக்கிடுதேன்.”

பெ. ஆணியையே பார்த்தாள். “செரி சார்” என்றாள்.

செரியா? போன் வைத்ததும் கேட்டேன். என்னட்டி செரி? தப்பு செய்தது அவன், கண்டுபிடித்தது நீ, மறந்தேன் என்று எழுதுவதும் நீயா?

“ஒரு வரிதான் அம்மாச்சி. அந்த ஒரு வரிக்கு சீட்டு கிடைக்கும். எனக்க கணக்கு எனக்குத் தெரியும். நீங்க எடபடாதீங்க.”

செல்லப்பன் ரோலரைத் திருப்பி ஓட்டினான், சத்தமாய்.

என் தேங்காய் சிரட்டையோடு நசுங்கிவிட்டது.

19-7-2012, வியாழன்

வெயிலும் மழையும் கலந்து. எழுதாவிட்டால் நெஞ்சு எரியும்.

மேடம் பேசும் கூட்டம். மெட்ராஸ்காரி, சுத்தமான தமிழ். பெ. நேற்றே அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிவிட்டாள். திருத்திய சாமானுக்குத் தனிப் பேரும் புது நம்பரும் கொடுத்து, புது முறை அதையே எடுக்கும்படி செய்தும் விட்டாள். அரபி ஒழுங்காய் வருகிறது. வேலை முடிந்தது. பேசாமல் கலைந்திருக்கலாம்.

நான் கஞ்சி கொண்டு போனேன். சத்தியமாய்க் கஞ்சி கொடுக்கத்தான்.

மேடம் கேட்டாள்: “இப்படி ஒரு தப்பு எப்படி நடந்துச்சு ரெஜி?”

ரெ. சொன்னான்: “மேடம், பெனிட்டாவக் குத்தம் சொல்ல எனக்கு மனசில்ல. இந்த மாதிரி நெலமையில லேடீசுக்கு கவனம் கொஞ்சம் கொறயும். நேச்சுரல். நாமதான் பெரிய வேலையைக் கொடுத்திருக்கக் கூடாது.”

பெ. கை ரோலர் பிடியை இறுக்கியது. கண் ஆணியில்.

கஞ்சியைக் கீழே வைத்தேன். ஆணிப் பக்கம் போனேன்.

“ஏலே ரெஜி! முந்தாநாள் இதே போன்ல என்ன சொன்ன? ‘அது நான்தான், அவசரத்துல மாத்திப் போட்டேன், ஆருட்டயும் சொல்லேல்ல, மெயில்ல எனக்க பேரு வேண்டாம்’னு கெஞ்சினியா இல்லியா? அப்பம் இந்தப் பிள்ளைக்கு கவனம் இருந்துதா? வயித்துல பிள்ள இருந்தா மண்டையில மூள இருக்காதோ? ஒனக்க அம்மை ஒன்ன எங்க வச்சு சொமந்தா, சஞ்சிப்பையிலயா?”

கோழி ஒன்று கஞ்சிப் பக்கம் வந்தது, விரட்டினேன்.

“யாரு பேசறது?” என்று மேடம்.

“இவளுக்க அம்மாச்சி. நான் மட்டுமில்ல, வெட்டுக்காரனும் கேட்டான். வேணும்னா அவனையும் கேளுங்க.”

செல்லப்பன் வாளியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் நடந்துவிட்டான். ஆண்பிள்ளை.

“ரெஜி, இது உண்மையா?”

“மேடம்... அது... அன்னைக்கு சூழ்நிலை...”

“நாம தனியா பேசலாம். எல்லாரும் போகலாம்.”

பெ. வயரைப் பிடுங்கினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் வைத்துவிட்டு, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

20-7-2012, வெள்ளி

பேசவில்லை. இட்லி இரண்டு. சாயா வேண்டாம்.

துணி மடிக்கிறாள். பையில் வைக்கிறாள். எதற்கு என்று கேட்டேன்.

“அங்க போறேன்.”

களியக்காவிளைக்கு. பேற்றுக்கு அழைத்து வந்த பிள்ளை பெறாமல் திரும்பிப் போவதா. அந்த மாமியார் இதை மூன்று தலைமுறைக்குச் சொல்வாள். முந்திரிக்கொத்தையும் சேர்த்துச் சொல்வாள்.

“நான் ஞாயத்தத்தானே சொன்னேன்” என்றேன்.

“ஆரு கேட்டா ஒங்கள? எனக்கு ஞாயம் வேண்டாம் அம்மாச்சி. சீட்டு வேணும். நாலு வருசம். அவன் சொன்னத நானும் கேட்டேன்லா, எனக்கும் சொல்ல வாய் உண்டுல்லா? நான் சொல்லலேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நீங்க ஒருதரம் யோசிச்சியளா?”

பதில் இருந்தது. சொல்லவில்லை. வாழ்நாளில் நான் சொல்லாமல் விட்ட பதில் மிகக் குறைவு, இது ஒன்று.

அவள் புருஷன் சாயங்காலம் வந்தான். நல்ல பையன், வாய் இல்லாதவன். இருவரும் தென்னைமரத்து மூட்டில் நின்று பேசினார்கள். பை வீட்டுக்குள் திரும்பி வந்தது. காரணம் எனக்குச் சொல்லவில்லை. அவனுக்கு மீன்கறி ஊற்றினேன், இரண்டு துண்டு கூட.

23-7-2012, திங்கள்

காற்று. ஒரு வாழை சாய்ந்தது.

மெயில் வந்தது. எனக்கு வாசித்துக் காட்டவில்லை. செல்லப்பனிடம் சொல்வதுபோல எனக்கும் கேட்கும்படி சொன்னாள். இவள் லீவில் இருக்கும்போது பிரதீஷ் லீடு. இவள் திரும்பி வந்த பிறகு “பேசலாம்”.

“அப்பம் பாதி கிடைச்ச மாதிரிதானே?” என்றான் செல்லப்பன்.

“இல்ல மாமா. கிடைக்காதுன்னு அர்த்தம்.”

ரெ. அதே நாற்காலியில். அவனுக்கு ஒன்றும் இல்லை. மேடம் இவளுக்குத் தனியே ஒரு வரி: உடம்பைப் பார்த்துக்கொள். உண்மை மேடத்தின் காதில் விழுந்தது, கேட்டாள், அவன் மறுக்கவில்லை, அதற்குப் பிறகும் இது. ரெ. மேல் இருந்த கோபத்தில் பாதியை அந்த மெட்ராஸ்காரிக்கு மாற்றி எழுதுகிறேன். பாதி என்றாலும் அவளுக்கு ஆயுசுக்குக் காணும்.

பெ. பிரதீஷுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள், ஆணி வழியாக. திருத்திய சாமானின் நம்பரை மட்டும் தொடாதே, பழைய பேருக்குப் போகாதே என்று இரண்டு தடவை. அவன் எதையோ கடித்துத் தின்றுகொண்டே “ஓகே ஓகே” என்றான். அவன் முழுசாய்க் கேட்கவில்லை. தின்கிறவன் குரல் எனக்குத் தெரியும்.

என்னிடம் இன்னும் ‘ம்’ மட்டும்.

27-7-2012, வெள்ளி

பெ. கடைசி நாள் வேலை. கம்ப்யூட்டரை மூடி, துடைத்து, துணியில் பொதிந்து, அலமாரி மேல் வைத்தாள். ஒருவனும் கூப்பிட்டுப் போய் வா என்று சொல்லவில்லை. ஆறு பேரும் இனி அவள் கட்டிய முறையில்தான் தினமும் வேலை செய்வார்கள்.

குலசேகரம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிள்ளை தலை திரும்பிவிட்டது. ரத்தம் கொஞ்சம் குறைவு. பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை.

பஸ்ஸில் என் தோளில் தலை சாய்த்து உறங்கினாள். உறக்கத்தில் செய்ததைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள நான் அவ்வளவு இளித்தவாய் இல்லை. தோள் மரத்துப்போனது. அசைக்கவில்லை.

2-8-2012, வியாழன்

நல்ல வெயில். ஷீட் எல்லாம் வெளியே காய்கிறது. பெ. ஷெட் நிழலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. நின்றது. அடித்தது.

“ஆபீசு விளிக்குது” என்றான் செல்லப்பன், ஷீட்டைப் புரட்டிக்கொண்டே.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். ரெ. மெசேஜும் வந்திருந்தது. வாசித்தாள், சத்தமாகவே: பிரதீஷ் எதையோ மாற்றிவிட்டான், பில்டு போய்விட்டது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அர்ஜெண்ட், பத்தே நிமிஷம், பிளீஸ்.

திரும்பவும் அடித்தது.

அலமாரி இருக்கும் அறைப் பக்கம் ஒரு பார்வை. இடைபடாதே என்று சொல்லியிருக்கிறாள். போய் எடுத்து வருவாள், உட்காருவாள், மத்தியானச் சோறு ஆறும் என்றே நினைத்தேன்.

அவள் திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஒரு காம்பை எடுத்து இலையை உருவினாள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

“அம்மாச்சி.”

பதிமூணு நாளைக்குப் பிறகு.

“என்ன மக்கா?”

“நீங்க எடுங்க.”

“எடுத்து?”

“அன்னைக்கு எல்லாத்தையும் சொல்லித் தீத்தியளா, மிச்சம் கொஞ்சம் இருக்கா?”

“இருக்கு” என்றேன். கையில் எண்ணெயை முண்டில் துடைத்துவிட்டு எழுந்து போய்ப் பச்சையை அமுக்கினேன்.